பசுவுக்கு முன்னால், செருப்போடு

அன்று அந்தப் புது வீட்டு வளவில் யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கொக்குவிலில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் தாங்களும் நின்றதாகவே சொல்கிறார்கள். அவ்வளவு பேர் நின்றிருந்தால் பந்தல் தாங்கியிருக்காது. நின்றவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்கார அக்கா, அவருடைய கணவர், ஐயர், அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வரக் கோஷ்டி, ஒலிபெருக்கியும் மின்குமிழ்ச் சோடனையும் செய்த சவுண்ட்காரர், மாட்டுக்காரர், அவருடைய பசு, அதன் கன்று, அயல் வீட்டுச் சனம் பத்துப் பதினைந்து பேர், என் மனைவி, நான். வீட்டைக் கட்டக் காசு அனுப்பிய அக்காவின் தம்பி ரொறன்ரோவில் இருந்தார். அவரும் ஒரு போனுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வயர் இழுப்பதையும் பைப் வளைப்பதையும் உங்களுக்குப் படிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நேரத்தைப் பற்றி.

நான் இந்த வேலைக்கு வந்தபோது வயது நாற்பத்து நாலு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஒரே இடம்தான், ஒரு சோடாக் கொம்பனி. போத்தல் கழுவி, நிரப்பி, மூடி, கடைசியில் அங்கிருந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற ஆளாக நின்றேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, கொழும்புச் சாமான் லொறி லொறியாக வரத் தொடங்கியதும் எங்கள் சோடாவைக் கேட்பாரில்லை. முதலாளி நல்ல மனிதர். எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, ஆளுக்கொரு என்வலப்பும் ஒரு பெட்டி சோடாவும் தந்து அனுப்பினார். வேலை போனதை விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சோடாவைத்தான் உடைத்துக் கொடுத்தோம்.

அப்போது வலிகாமம் முழுக்க வீடுகள் திரும்ப எழும்பிக்கொண்டிருந்தன. மேசன் வேலைக்கு முதுகு வேண்டும், தச்சு வேலைக்குக் கண் வேண்டும். வயரிங்குக்குப் பயம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது என்னிடம் தாராளமாக இருந்தது.

எனக்கு வேலை பழக்கியவர் என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூடியவர். “அண்ணை” என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் ஏசுவார். “அண்ணை, அது சோடாப் போத்தல் இல்லை. உப்பிடி இறுக்கினா திருகாணி அறுந்துபோகும்.” “அண்ணை, ஏணியிலை நிண்டு கும்பிடாதையுங்கோ, கோயிலிலை கும்பிடுங்கோ.” நான் அவரைத் தம்பி என்பேன். அவர் சொன்னதைச் செய்வேன்.

என் கரைச்சல் வேறு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வேலையிலும் அதேதான். ஒருநாள் உடுப்பிட்டியில் ஒரு வீடு முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். வல்லை வெளியில் நிற்பாட்டச் சொன்னேன்.

“என்ன அண்ணை?”

“குசினிப் பிளக்குக்கு ஏர்த் குடுத்தனானோ எண்டு தெரியேல்லை.”

“குடுத்தனீங்கள். நான் பாத்தனான்.”

“ஏதோ பிழை மாதிரிக் கிடக்கு, தம்பி.”

“எங்கை பிழை?”

“தெரியேல்லை. ஏதோ.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெற்றோல் ராங்கியில் வைத்தார். வல்லைக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே, கத்தித்தான் கதைக்க வேண்டும். “அண்ணை, பயம் வந்தா அதிட்டை ஒரு கேள்வி கேளுங்கோ. எங்கை எண்டு கேளுங்கோ. அது இடம் சொல்லிச்செண்டா, நான் இப்பவே சைக்கிளைத் திருப்புறன். இடம் சொல்லாட்டி அது வயரிங்கிலை இல்லை, உங்கடை வயித்திலை. வீட்டை போய்த் தேத்தண்ணி குடியுங்கோ.”

அன்று வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தேன். மனைவியிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் இரவில் எழும்பிக் கதவு பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் படுக்கையில் இருந்தபடியே, “எங்கையாம்?” என்று கேட்பாள்.

அந்தத் தம்பி பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். நான் தனியே பொறுப்பெடுத்த முதல் முழு வீடு கொக்குவில் வீடு.

அந்த வளவில் பழைய வீடு சண்டைக் காலத்தில் சிதைந்து கனகாலம் வெறுமனே கிடந்தது. ராசியில்லாத வளவு என்று அயலில் ஒரு கதை. அந்தக் கதை ரொறன்ரோ வரை போயிருந்தது. குடிபுகலில் ஏதும் குறை வந்தால் விற்றுவிட்டு வேறு பார்ப்போம் என்று அக்காவின் தம்பி சொல்லிவிட்டாராம். அக்கா அந்த வளவில் பிறந்தவர். கூரை போடும் நாட்களில் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றே வீட்டைக் கட்டுவித்தவர். அவருக்கு அன்று எல்லாம் சரியாக நடந்தாக வேண்டும்.

எனக்கும் நடந்தாக வேண்டும். என் கூலியில் பெரும் பங்கு பாக்கி, குடிபுகல் முடியத் தருவதாகப் பேச்சு. அயலில் இரண்டு வீட்டுக்காரர் என் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்கள். அன்று என் வயரிங்கின் பெயர் கெட்டால், திரும்பிப் போவதற்குச் சோடாக் கொம்பனியும் இல்லை.

காலையில் நானும் மனைவியும் போய்ப் பந்தலுக்குள் நுழைந்ததுமே அக்காவின் கணவர் வந்தார்.

“வாங்கோ அண்ணை. உங்கடை ரிப் சுவிச் காலமை ரெண்டு தரம் விழுந்து மானத்தை வாங்கிப்போட்டுது. ஐயர் மந்திரம் சொல்லேக்கை மைக் நிண்டிட்டுது.”

“இப்ப?”

“இப்ப சரி. சவுண்ட்காரர் சரிப்பண்ணிட்டார்.”

“எப்பிடிச் சரிப்பண்ணினவர்?”

“எனக்கென்ன தெரியும்? இப்ப விழேல்லை. அது போதாதோ?”

ரிப் சுவிச் சும்மா விழுவதில்லை. கரண்ட் போகக்கூடாத ஒரு வழியால் கசிந்தால்தான் விழுந்து கரண்டை வெட்டும். விழுந்தது விழாமல் நின்றால் மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு அது இல்லை. சவுண்ட்காரரிடம் போனேன். பக்திப் பாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அண்ணை, நான் எத்தினை வருசமாத் திருவிழாச் செய்யிறன். நீங்கள் போய் ஆறுதலா இருங்கோ.”

சுவிச் போட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் போட் முன்கதவுக்கு உள்ளே, விறாந்தைச் சுவரில். ஐயர் வாஸ்து சாந்தி முடித்துக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

“இனிப் பசுவுக்கு முன்னம் ஒருத்தரும் உள்ளுக்குப் போகப்படாது” என்றார். வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டாராம். அதை எடுக்கவே விடவில்லை. அவர் ஆட்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து வரவேற்றுக்கொண்டிருந்தார்.

நான் வந்து கதிரையில் இருந்தேன். மனைவி என் பக்கம் சரிந்தாள்.

“என்னப்பா, முழியைப் பாத்தா களவெடுத்த ஆள் மாதிரிக் கிடக்கு.”

“ரிப் விழாமல் நிக்குது.”

“விழாமல் நிண்டாலும் பயமோ? எங்கையாம்?”

கேட்டுப் பார்த்தேன். இடம் சொல்லவில்லை. அதனால் எழும்பவில்லை. இன்றும் நான் அதைப் பிழையென்று நினைக்கவில்லை. காரணம் சொல்ல முடியாத பயத்தோடு ஒரு நல்ல காரியத்துக்குள் போய் நின்று கத்தினால், அடுத்த தரம் காரணத்தோடு கத்தும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நல்ல நேரம் வந்தது. ஐயர் முன்கதவை அகலத் திறந்தார். நாதஸ்வரம் மைக்கில், அதற்கு மேலால் ஒலிபெருக்கிப் பாட்டு. வாசல் படிக்கு இரண்டு பக்கமும் பந்தலின் இரும்புக் கால்கள். அவற்றுக்கு வெள்ளைத் துணி சுற்றி, வாழைமரம் கட்டி, அதற்கு மேலால் சின்ன மின்குமிழ் மாலை சுற்றியிருந்தது. பந்தலுக்குள் எங்கும் காய்ந்த மணல். படியடியில் மட்டும் பசுவின் கால் கழுவவென்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

பசு மணலில் அழகாக நடந்து வந்தது. கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். படியடிக்கு வந்து முன்னங்காலை ஈரத்தில் வைத்தது. வைத்த காலைச் சடாரென்று இழுத்துக்கொண்டது.

மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். பசு பின்னுக்குப் போனது.

“என்னடி லச்சுமி, இண்டைக்குப் புதுசா?” என்றார் அவர். பிறகு எங்களைப் பார்த்து, “இவள் எத்தினை வீடு குடிபுகுந்தவள். முந்தநாளும் இணுவிலிலை ஒரு வீடு. உப்பிடி ஒருநாளும் நிண்டதில்லை” என்றார்.

இரண்டாம் தரமும் அதேதான். இந்த முறை பசு கத்தியது. பந்தலுக்குள் கதை அடங்கியது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசி அடக்கிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “வளவிலை ஏதோ கிடக்கெண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றார்.

போனுக்குள் இருந்து சத்தம் வந்தது: “அக்கா, என்ன நடக்குது? ஏன் மாடு நிக்குது?”

அக்கா நிறைகுடத்தோடு நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். வேலை போன அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த முகம்.

ஐயர், “பதறாதையுங்கோ. இன்னும் கொஞ்சம் மஞ்சள் தண்ணி ஊத்துங்கோ” என்றார். படியில் நின்றவர்கள் இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்கள். தண்ணீர் மணலில் பரவி முன்னுக்கு வந்தது. பசு அதைப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போனது. ஈரம் வந்து நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அதுவும் நின்றது.

எங்கை?

உந்த ஈரத்திலை.

பசுவுக்குச் செருப்பில்லை. எங்களைப்போல இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கவும் அதனால் முடியாது. முன்னங்கால் ஈரத்தில், பின்னங்கால் நாலைந்து அடி தள்ளி. ஈர நிலத்தில் கரண்ட் பரவியிருந்தால் அந்தக் கால்களுக்கிடையில், வயிற்றூடாகத்தான் அது ஓடும். நிலத்துக்கு எங்கிருந்து வந்தது? பந்தல் காலிலிருந்து. பந்தல் காலுக்கு? அதைச் சுற்றியிருந்த குமிழ் மாலையிலிருந்து. ரிப் சுவிச் ஏன் விழவில்லை? அதனூடாக வராமல் வேறு எங்கேயோ கரண்ட் எடுத்திருக்கிறார்கள். காலை முழுக்க ஒருவருக்கும் படாததற்குக் காரணம் காய்ந்த மணல், சுற்றிய துணி. அந்தத் துணியும் இப்போது தண்ணீர் தெறித்து நனைந்துகொண்டிருந்தது.

அக்கா நிறைகுடத்தைக் கணவரிடம் கொடுத்தார். “நான் மாட்டுக்கு முன்னாலை ஏறிக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று வெறுங்காலோடு படியை நோக்கி வந்தார்.

“பந்தல் காலைத் தொடாதையுங்கோ!” என்று கத்தினேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மனைவியின் கையைப் பிடித்தேன். “அக்காவைப் பிடி. ஈரத்துக்குப் போக விடாதை. வாழைமரத்திலை கை வைக்க விடாதை.”

“திரும்பவும் தொடங்கிட்டியளோ?”

“எங்கையெண்டு தெரியும்.”

சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கரண்டை நிறுத்தக்கூடிய மீற்றர்ப் பெட்டி வெளிச்சுவரில்தான் இருந்தது, ஆனால் அந்தப் பந்தல் காலுக்குப் பக்கத்தில், ஈரத்துக்குள். சவுண்ட்காரருக்கு விளங்கப்படுத்த நேரமில்லை. முன்வாசலால் போக வழியில்லை. மிச்சம் பின்பக்கம். வீட்டைச் சுற்றிக் குசினிக் கதவுக்கு ஓடினேன். அது வெறும் கொளுக்கியில்தான் இருந்தது.

கதவடியில் நின்றேன். ஒரு கணம்தான் இருக்கும். இந்த ஊரில் பிறந்தவனுக்குப் புது வீட்டு வாசலில் கால் தானாகவே செருப்பைக் கழற்றப் பார்க்கும். உள்ளே கோலம் போட்டிருந்தது. பசு இன்னும் நுழையவில்லை. நான் நுழைந்தால் இந்த வீட்டுக்குள் முதல் போனது வேலை போன ஒரு சோடாக் கொம்பனிக்காரன் என்று ஆகிவிடும். நிலத்தைப் பார்த்தேன். கழுவிய ஈரம் காயாமல் மின்னியது. போட்டில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. காலில் இருந்தது றப்பர்ச் செருப்பு.

செருப்போடு போனேன்.

விறாந்தையில் போட் திறந்து கிடந்தது. ரிப் சுவிச்சுக்கு முன்னால், மெயின் சுவிச்சிலிருந்தே இரண்டு வயரைச் செருகி யன்னலால் வெளியே விட்டிருந்தார்கள். மெயினை இறக்கினேன்.

பாட்டு நின்றது. குமிழ்கள் அணைந்தன. நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல் அன்றுதான் அந்த வாசிப்பு காதில் விழுந்தது. நன்றாக வாசித்தார்.

“எந்த விசரன் கரண்டை நிப்பாட்டினது?” என்று வீட்டுக்காரர் கத்தினார். திறந்திருந்த முன்கதவுக்கூடாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என் மனைவியின் பிடிக்குள் நின்றபடி என் காலைப் பார்த்தார்.

“ஐயோ அண்ணை... செருப்போடை.”

அதைவிட உரத்த ஏச்சுகள் வாங்கியிருக்கிறேன். அதைப்போல ஒன்று வாங்கியதில்லை.

“பந்தல் காலிலை கரண்ட் நிண்டது” என்றேன். “இப்ப மாட்டை விடுங்கோ. இழுக்காதையுங்கோ.”

மாட்டுக்காரர் கயிற்றைத் தளர்த்தினார். பசு தலையைக் குனிந்து ஈரத்தை மணந்தது. ஒரு காலை வைத்தது. வைத்தபடி நின்றது. என் உயிர் அந்தக் காலில் இருந்தது. பிறகு மற்றக் காலை வைத்தது. படியேறி, சுவரோடு ஒட்டி நின்ற என்னை உரசிக்கொண்டு உள்ளே போய், நடு விறாந்தையில் சாணமும் போட்டது. பெண்கள் குரவை இட்டார்கள். புது வீட்டில் பசு சாணம் போடுவது நல்ல சகுனம்.

“சுபநேரம் முடிய இன்னும் இருக்கு. ஒரு குறையுமில்லை” என்றார் ஐயர்.

கரண்ட் இல்லாமலே பால் பொங்கியது. அதன் பிறகு நான் வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கிய இடத்தில் வயரின் தோல் அறுந்து, செப்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சவுண்ட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“அண்ணை, கோயில்வழிய நாங்கள் உப்பிடித்தானே எடுக்கிறனாங்கள்” என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. பாட்டு நிற்கக்கூடாது என்பது அவருடைய வேலை, நிற்பாட்டியதை அவர் வழியிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பந்தலில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே செய்யச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் போகிற வீடுகளிலும் சொல்வார்கள். “உந்தச் சுவிச் சும்மா சும்மா விழுது, கழட்டி விடுங்கோ” என்று தேநீர் தந்து கேட்பார்கள். தேநீரைக் குடியுங்கள். கழற்றாதீர்கள். வேலை முடிந்து போகும்போது போட்டைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன்.

பசு உள்ளே போனதற்கு ஊரில் மூன்று காரணம் சொன்னார்கள். ஐயரின் மஞ்சள் தண்ணீர் என்றார்கள், பக்கத்து வீட்டு மனுசி கண்ணேறு கழியச் சுற்றிப் போட்ட தேசிக்காய் என்றார்கள், பாட்டுச் சத்தம் நின்றதால் வெருட்சி போனது என்றார்கள். மூன்றாவது காரணத்தில் நான் கொஞ்சம் இருந்தேன். ரொறன்ரோத் தம்பிக்கு அதுவும் தெரியாது. அவருடைய படம் வீட்டு வைபையில் போய்க்கொண்டிருந்தது. மெயினை இறக்கியதும் அது உறைந்து நின்றுவிட்டது. கடைசியாக அவர் பார்த்தது, திறந்த வாசலுக்கு உள்ளே, பசுவுக்கு முன்னால், செருப்போடு நிற்கும் ஒரு வயரிங்காரனை.

அயலில் ஒரு வீட்டுக்காரர் எனக்கு வேலை தந்தார். மற்றவர் தரவில்லை. என் கூலியைக் கேட்கப் போனபோது அக்காவின் கணவர் நெளிந்தார்.

“அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் செருப்போடை போனதுக்கு ஒரு பரிகாரம் செய்தது. அந்தச் செலவைக் கழிக்கச் சொல்லுறான் மச்சான்.”

“கழியுங்கோ.”

“மிச்சத்தை அவன்தான் போடவேணும். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறானாம்.”

அந்தப் பரிகாரத்தை நான் ஒத்துக்கொண்டேன். நான் அந்த ஊர்க்காரன்தான், அந்த வாசலில் எனக்கும் கால் கூசியது. இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அதற்குப் பில் போட இடமிருக்காது, நன்றி வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். பசு உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது போதும்.

வீட்டை விற்கவில்லை. அக்கா அங்கேதான் இருக்கிறார். ஒரு குமிழ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் வேலையை விட்ட பிறகும் போன மாரியில் கூப்பிட்டார், ரிப் விழுந்துவிட்டது என்று. “கை வைக்கேல்லை அண்ணை, ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை” என்றார். போனேன். மழை ஈரம். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன்.

“கழட்டாதையுங்கோ அண்ணை” என்றார் அக்கா. “செருப்போடையே வாங்கோ.”

அந்த வீட்டுக்குள் செருப்போடு போகிறவன் நான் ஒருவன்தான். ரொறன்ரோத் தம்பி நல்லூருக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டார். பாக்கி இன்னும் இருபத்து மூவாயிரம் ரூபா.